ஒன்றரை மணி அலாரம்

"உங்க மிஷின் சொல்றது, இவருக்கு தினமும் மத்தியானம் உயிர் போயிட்டு வரதாம். வந்து பாருங்கோ!"

மயிலாப்பூர் மாமி ஒருவர் போனில் இப்படிச் சொன்னபோது நான் அடையாறு ஆபீஸில் தயிர்சாதம் பிசைந்துகொண்டிருந்தேன். சர்க்கரை நோய் இல்லாதவர்களின் கையில் சர்க்கரை பார்க்கும் சென்சார் ஒட்டுவது என் வேலை. பதினாலு நாள் ரீடிங் எடுக்கும். எழுபதுக்குக் கீழே போனால் செல்போனில் அலாரம் அடிக்கும். நோயே இல்லாதவரைக் கவலைப்பட வைக்கச் சம்பளம் வாங்கும் ஆள் ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மறுநாள் பன்னிரண்டரைக்கே போய்விட்டேன். மாமியின் கணவர் ரிடையரான கணக்கு வாத்தியார். செல்போனில் அவருடைய சர்க்கரை கிராஃப் தினமும் ஒன்றரைக்குக் குழியில் விழுந்து, இரண்டு மணிக்கு மலையேறியிருந்தது.

"அஞ்சு நாளா வெல்லத் தண்ணி கொடுத்துக் காப்பாத்திண்டிருக்கேன். ஸ்கூட்டர் சாவியையும் பிடுங்கி வெச்சுட்டேன்" என்றார் மாமி.

"தலை சுத்தறதா சார்?" என்றேன்.

"ஒண்ணும் இல்லை. ஸ்கூட்டர் இல்லாம மாம்பலத்துக்குச் செஸ் ஆடப் போக முடியலை. நீங்க சாவியை மட்டும் வாங்கிக் கொடுங்கோ" என்றார் வாத்தியார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாதபோது செய்வதைச் செய்தேன்: நார்ச்சத்தைப் பற்றிப் பேசினேன். வாத்தியார் சாப்பிட்டு முடித்தார். பாயை விரித்து, உண்ட களைப்புக்கு இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்தார். நான் சென்சார் ஒட்டிய இடது கை அடியில் போனது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் படிவத்தில் 'எந்தப் பக்கம் படுப்பீர்கள்?' என்று ஒரு கேள்வி உண்டு. நேரம் மிச்சம் என்று எல்லோருக்கும் நானே 'வலது' என்று டிக் அடித்து, இடது கையில் ஒட்டிவிடுவேன்.

கால் மணியில் அலாரம். மாமி சமையலறைக்கு ஓடி டம்ளரோடு வந்தார். நான் குறுக்கே போய், வாத்தியாரின் விரலில் குத்தி மீட்டரில் பார்த்தேன். நூற்றுப் பன்னிரண்டு.

"சாருக்கு ஒண்ணுமில்லை மாமி. சென்சாரை அமுக்கிப் படுத்தா ரீடிங் பொய்யா இறங்கும்."

"அப்போ ரெண்டு மணிக்கு மலை மாதிரி ஏறறதே?"

"அது வெல்லத் தண்ணி."

வாத்தியார் எழுந்து உட்கார்ந்தார். உள்ளங்கையை நீட்டினார். மாமி இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அதில் போட்டார்.

"முன்னாடியே கேட்டிருக்கணும். தப்பு என்னுதுதான் மாமி" என்றேன்.

"அப்போ இதை நீங்களே குடிங்கோ. கலந்தாச்சு" என்று டம்ளரை என்னிடம் நீட்டினார்.

ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். இப்போதெல்லாம் அந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்கிறேன். பதில் வந்த பிறகுதான் பேனாவைத் திறக்கிறேன்.