பிரேக் ஆயில் மாற்றும் ஞாயிற்றுக்கிழமை

வருடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் என் வீட்டுக்காரரும் ஒரு மணி நேரம் சண்டை போடாமல் இருப்போம். வேனுக்குப் பிரேக் ஆயில் மாற்றும் நாள் அது. இந்த நல்ல பழக்கம் சும்மா வரவில்லை.

அப்போது கெடாரிலிருந்து விழுப்புரத்துக்குப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப் போவோம். அவர் ஓட்டுவார். நான் கதவோரம் உட்கார்ந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வேன். எங்கள் மகளும் அதில்தான் போவாள்.

அவர் மாதம் ஒருமுறை பானெட்டைத் திறப்பார். டப்பாவில் பிரேக் ஆயில் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் கொஞ்சம் ஊற்றி மூடிவிடுவார். பழையதை எடுத்துவிட்டு முழுசாக மாற்றவேண்டும் என்று யார் சொன்னாலும், "லெவலு கரெக்டா இருக்குதே" என்பார். அந்த டப்பாவின் மூடி எப்போதோ தொலைந்துவிட்டது. பால் கவரை வைத்து ரப்பர் பேண்டு போட்டிருந்தார். சோம்பேறித்தனம்தான், வேறென்ன.

ஆயுத பூஜைக்கு ஊரே வண்டி கழுவும். இவர் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஹோஸில் தண்ணீர் அடித்தார். எஞ்சின் பளபளத்தது. அந்தப் பால் கவர் மேலும் சந்தனம், குங்குமம் வைத்தார். உள்ளே தண்ணீர் போயிருக்கும் என்று அவருக்கும் தோன்றவில்லை, பக்கத்தில் நின்ற எனக்கும் தோன்றவில்லை.

பூஜை லீவு முடிந்து பள்ளி திறந்த வெள்ளிக்கிழமை. வழியெல்லாம் மாடும் ஆட்டோவுமாக இருந்ததால் பிரேக் போட்டுக்கொண்டே வந்தார். ரயில்வே கேட்டுக்கு முன்னால் மிதித்தபோது பெடல் தரைவரை போய்விட்டது. மூன்று தடவை அழுத்தி மிதித்தார். கரும்பு டிராக்டருக்கு ஒரு சாண் பின்னால் வேன் நின்றது. பிள்ளைகள் விளையாட்டு என்று நினைத்துக் கைதட்டினார்கள். என் மகள்தான் பலமாகச் சிரித்தாள். மிச்ச தூரம் பிள்ளைகளை நடத்தியே கூட்டிப்போய்ப் பள்ளியில் விட்டேன்.

திரும்பி வந்ததும் அவரிடம் சொன்னேன்: "யோவ், திங்கக்கிழமைக்குள்ள இது சரியாவலன்னா ஒரு புள்ளயும் ஏறாது. எம் புள்ளயும் ஏறாது."

அவர் காலி வேனை மெல்ல வீட்டுக்கு ஓட்டிப்போனார். அன்று மாலை பிள்ளைகளை டவுன் பஸ்ஸில் கூட்டிவந்தேன்.

எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் திண்டிவனத்துக்காரர். பூஜைக்கு மூடிய பட்டறையை அவர் இன்னும் திறக்கவில்லை. போனில்தான் சொன்னார்: "தண்ணி கலந்தா பிரேக்கு சூட்டுல கொதிச்சி ஆவியாயிடும்ங்க. அப்புறம் பெடலு எப்படி நிக்கும்? மொத்தத்தையும் எடுத்துட்டுப் புதுசு ஊத்துங்க. டப்பாவுக்குத் தூரத்துச் சக்கரத்துலேர்ந்து ஆரம்பிங்க."

ஞாயிற்றுக்கிழமை புது டின்னும் புது மூடியும் வாங்கிவந்தோம். ஊசி போடும் சிரிஞ்சால் டப்பாவில் இருந்ததை உறிஞ்சி எடுத்தார். காப்பி டிகாஷன் மாதிரி இருந்தது. புதியதை ஊற்றிவிட்டுப் பின் சக்கரத்தடியில் படுத்துக்கொண்டார். நான் டிரைவர் சீட்டில். அவர் "மிதி" என்றால் மிதிக்கவேண்டும். "பிடி" என்றால் அழுத்திப் பிடிக்கவேண்டும். அப்போது அவர் சக்கரத்தில் இருக்கும் திருகாணியைத் தளர்த்துவார், பழைய ஆயில் வெளியே வரும். திருகாணியை இறுக்கிவிட்டு "விடு" என்பார். அதற்குமுன் காலை எடுத்தால் காற்று உள்ளே போய்விடும்.

மூன்றாவது சக்கரத்தில் கீழிருந்து சொன்னார், "உனக்கு வாயி பேசற அளவுக்குக் காலு பேசலியே."

"யாரப் பாத்துய்யா சொல்ற?" என்று காலை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

"போச்சி! காத்து இழுத்துக்கிச்சி. கொஞ்ச நேரம் சண்ட போடாம இருக்கமாட்டியா?"

"நீ வாய மூடிக்கினு இரு, நான் மிதிக்கறேன்."

தப்பு என்னுடையதுதான். அவரிடம் சொல்லவில்லை. முதல் சக்கரத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தோம். மிதி, பிடி, விடு. வேறு ஒரு வார்த்தை இல்லை. கடைசியில் பெடல் பாதியிலேயே கல் மாதிரி நின்றது. அந்த நிம்மதி இன்னும் என் காலில் இருக்கிறது.

திங்கள்கிழமை காலை, மகளை வாசலில் நிறுத்திவிட்டு, காலி வேனை ஏரிக்கரைவரை ஓட்டிப் பார்த்தோம். வேகமாகப் போய் ஒரே மிதி மிதித்தார். என் நெற்றி முன் சீட்டில் இடித்தது.

"பின்னால ஆளு இருக்கறது கண்ணுக்குத் தெரியலியா உனக்கு?"

"நிக்குதா இல்லியா, அத்தச் சொல்லு."

நின்றது. வீட்டுக்குத் திரும்பியதும் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே கதவைத் திறந்தேன். முதலில் என் மகளை ஏற்றினேன்.