ஜப்பானுக்கு எந்த ராகு காலம்?

பனியைப் பற்றி எனக்கிருந்த அனுபவம் மொத்தமும் ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் கரண்டிக் காம்பால் சுரண்டியதுதான். அப்படிப்பட்ட ஆள், ஜப்பானில் பனிச்சறுக்குப் போகத் தங்குமிடம் தேடி உட்கார்ந்தேன் என்றால், அது என் மனைவியின் முட்டிக்காக.

அவளுக்கு முடக்குவாதம். விரல், மணிக்கட்டு என்று ஒவ்வொரு மூட்டாக வீடு பார்த்துக்கொண்டே வந்த வியாதி, கடைசியில் முழங்கால்தான் வசதி என்று குடியேறிவிட்டது. சின்ன வயதில் பள்ளி மைதானத்தில் சக்கர ஷூ மாட்டிக்கொண்டு பையன்களையெல்லாம் பின்னால் விட்டவள் அவள். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை பனியில் சறுக்கவேண்டும் என்பது ஆசை. பெரிய மலையெல்லாம் வேண்டாம், குழந்தைகள் பழகும் சரிவு போதும்.

பெங்களூரில் அவளைப் பார்க்கும் டாக்டரிடம் கேட்டோம். அவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஈ விண்டர் ஹோக்பிட்டு பன்னி. நெக்ஸ்ட் விண்டர் நானு ஹேளக்காகல்ல" என்றார். இந்தக் குளிர்காலம் போய்விட்டு வந்துவிடுங்கள், அடுத்ததைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல முடியாது. கன்னடத்தில் கேட்டபோது சாதாரணமாகத்தான் இருந்தது. ஆட்டோவில் திரும்பும்போது மனசுக்குள் தமிழில் சொல்லிப் பார்த்தேன். அன்று ராத்திரியே விடுதி தேட உட்கார்ந்தேன்.

ஹோட்டல் கூடாது என்று அவள் முதலிலேயே சொல்லிவிட்டாள். "ஒயிட்ஃபீல்டுல இல்லாத கண்ணாடிக் கட்டடமா? காகிதக் கதவு வெச்ச பழைய விடுதியா பாருங்க. வெளிய பனி கொட்டணும், நான் வெந்நீர் ஊத்துல உக்காந்திருக்கணும்."

எனக்கும் அது சுலபமாகத்தான் தோன்றியது. பாயில் படுத்து வளர்ந்த ஜாதி நாம், ஜப்பான்காரன் பாய்க்கா பயப்படப் போகிறோம்? படங்களைப் பார்க்கப் பார்க்கத்தான் விஷயம் புரிந்தது. சாப்பாடு தரையில். படுக்கை தரையில். ஜன்னல் வழியாகப் பனியை ரசிப்பதும் தரையில். என் மனைவியோ தரையில் உட்கார்ந்து இரண்டு வருடமாகிறது. கல்யாணப் பந்தியில்கூட அவளுக்கென்று ஓரமாக ஒரு நாற்காலியும் ஸ்டூலும் போட்டுவிடுகிறார்கள்.

எதற்கும் ஒத்திகை பார்த்துவிடலாம் என்று ஹாலில் பாயை விரித்தேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்க முடியவில்லை. அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். என் இடுப்பு பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் பாயில் கிடந்தோம்.

"ஜப்பான்ல நம்மள எழுப்ப கிரேன்தான் கூப்புடணும்" என்றாள்.

"காகிதக் கதவு தாங்குமா?"

சிரித்தாள். சிரித்துக்கொண்டே முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு முட்டியைத் தேய்த்துவிட்டாள். அதை நான் பார்க்கவில்லை என்று அவள் நினைத்துக்கொள்ளட்டும் என்று மின்விசிறியைப் பார்த்தேன்.

அதன்பிறகு ஒவ்வொரு விடுதிக்கும் எழுதினேன். கட்டில் உண்டா, மேஜையில் சாப்பிடலாமா, வெந்நீர்த் தொட்டியில் இறங்கப் பிடிமானம் உண்டா, மீன் சாறு கலக்காமல் சூப் கிடைக்குமா. எல்லாரும் பதில் போட்டார்கள். எல்லாருக்கும் வருத்தம். அவ்வளவு மரியாதையாக என்னை யாருமே மறுத்ததில்லை. படித்து முடிக்கும்போது நானே அவர்களுக்கு ஆறுதல் சொல்லவேண்டும்போல இருக்கும். கடைசியில், சறுக்கு மலையின் அடிவாரத்திலேயே ஒரு குடும்பம் நடத்தும் சின்ன விடுதி அகப்பட்டது. அங்கே ஒரே ஒரு அறையில் கட்டில் இருந்தது, நாற்காலி மேஜை இருந்தது, வெந்நீர்த் தொட்டி ஓரத்தில் மரக் கைப்பிடிகூட இருந்தது. சீசன் முழுவதும் அந்த அறை நிரம்பிவிட்டது என்று மட்டும் விடுதிக்கார அம்மாள் எழுதியிருந்தார். சூப்புக்குக் காளான் சாறு போடுவதாகவும் சொல்லியிருந்தார். அறையே இல்லாத இடத்தில் சூப் மட்டும் உறுதியாகிவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது அந்த அம்மாளிடமிருந்து மெயில் வந்தது. யாரோ ரத்து செய்துவிட்டார்கள், அறை காலி. பிடித்துவைக்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை, தளத்தில் முதலில் பதிகிறவர்களுக்குத்தான். அது நீங்களாக இருந்தால் சந்தோஷம்.

வாயில் நுரையோடு லேப்டாப்பைத் திறந்தேன். அப்புறம் சுவரிலிருந்த தினசரி காலண்டரைப் பார்த்தேன்.

"ராகு காலம் பத்தரைக்குத்தானே? இப்ப ஏழுதான் ஆவுது, போடுங்க" என்றாள் மனைவி.

"அங்க இப்ப பத்தரை."

"எங்க?"

"ஜப்பான்ல. மூணரை மணி நேரம் முன்னாடி இருக்கான். அங்க ராகு காலம் ஆரம்பிச்சிடுச்சு."

என்னையே பார்த்தாள். "ராகுவுக்கு விசா வந்துடுச்சா?"

"வெளையாடாத. ரூம் அங்க இருக்கு, பணம் இங்கேருந்து போவுது. எந்த ஊர் கணக்குன்னு பாக்க வேணாமா?"

"நான் பொழுதுபோகாம ஒரு சாஃப்ட்வேர்காரனக் கட்டிக்கிட்டேன், பாருங்க."

உண்மையில் நான் பஞ்சாங்கப் பைத்தியம் இல்லை. போன் வாங்கியது ராகு காலத்தில். பல்லைப் பிடுங்கிக்கொண்டது எமகண்டத்தில். ஆனால் பனியில் வழுக்கி வரப்போவது இவளுடைய முட்டி. டாக்டரே கைவிரித்த முட்டி. அதற்கு மட்டும் ஒரு சின்னக் குறையும் இருக்கக்கூடாது என்று நினைத்துவிட்டேன். எது முக்கியமோ அதற்குத்தானே நேரம் பார்ப்பார்கள்?

ஜப்பான் ராகு முடிந்ததும் கார்டு எண்ணைப் போட்டேன். வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு அனுமதி இல்லை என்றது. வங்கிக்குப் போன் போட்டு, பாட்டு கேட்டு, அனுமதி வாங்கினேன். அதற்குள் ஆபீஸ் மீட்டிங். "என் பக்கத்தில் எந்தத் தடங்கலும் இல்லை" என்று அங்கே சொல்லிவிட்டு ஓடிவந்து, பாஸ்போர்ட்டில் இருக்கிறபடி இரண்டு பெயரையும் அடித்து, கடைசிப் பொத்தானுக்கு வந்தேன். திரையின் மூலையில் பத்தரை ஆனது. பெங்களூர் ராகு வந்துவிட்டான்.

விரல் அந்தரத்தில் நின்றது.

"அமுக்குங்க" என்றாள்.

"ஒன்றர மணி நேரம்தானே? இவ்ளோ நேரம் இருந்துச்சு, ஓடியா போயிடும்?"

"என்னங்க, அமுக்குங்க."

கேலி இல்லாமல் அவள் அன்றைக்குப் பேசியது அது ஒன்றுதான். நான் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு அடித்ததும் அமுக்கினேன். சக்கரம் கொஞ்சம் சுற்றியது. பிறகு, வழக்கமான மரியாதையோடு, மன்னிக்கவும், அந்த அறை இப்போது இல்லை என்று வந்தது. திரும்ப அமுக்கினேன். லிஃப்ட் பொத்தானை அமுக்குவதுபோல அமுக்கிக்கொண்டே இருந்தேன்.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் ஏதாவது ஜோக் அடித்துச் சமாளித்திருப்பேன். அந்தத் தொழில் எனக்குத் தெரியும். அவள் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "யாரு எடுத்தாங்களோ, நல்லா சறுக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு குக்கரை நிறுத்தப் போனாள்.

அந்தக் குளிர்காலத்தில் வேறு அறை கிடைக்கவில்லை. சங்கராந்திக்குப் பக்கத்து வீட்டு அம்மா எள்ளும் வெல்லமும் கலந்த எள்ளு பெல்லா கொண்டுவந்தபோது, இவள் சோபாவிலிருந்து வாசலுக்குப் போய்ச் சேருவதற்குள் அவர் மூன்று முறை மணி அடித்துவிட்டார். மழைக்காலத்தில் வீட்டுக்கு வாக்கர் வந்தது. பனிச்சறுக்கில் இரண்டு கையிலும் கோல் பிடிப்பார்களே, இது நாலு கால் வைத்த அது என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. நானும்.

அடுத்த சீசனுக்கு அந்த விடுதி பதிவைத் திறந்த அன்று, கட்டில் அறையைக் கண்டதும் அமுக்கினேன். அமுக்கிய பிறகுதான் காலண்டரைப் பார்த்தேன். நட்ட நடு ராகு காலம். மறு நொடியில் உறுதி என்று மெயில் வந்தது. காளான் சூப்பு நினைவிருக்கிறது என்று கீழே விடுதிக்கார அம்மாள் ஒரு வரி சேர்த்திருந்தார்.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினேன். வாக்கரைப் பிடித்தபடி நின்றே படித்தாள். கட்டில், நாற்காலி, மரக் கைப்பிடி, ஜன்னலுக்கு வெளியே குழந்தைகளின் சரிவு. ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு என் கன்னத்தில், மடங்கிப்போன விரல்களின் பின்பக்கத்தால் ஒரு தட்டு தட்டினாள்.

"கேன்சல் பண்றப்பவாவது நல்ல நேரம் பாத்துப் பண்ணுங்க" என்றாள்.