கொட்டாம்பட்டிக் கண்மாயில் என் முதல் வீச்சு

கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு கண்மாயில் இன்று மீன்பிடித் திருவிழா. ஊர் அம்பலகாரர் வெள்ளைத் துண்டை வீசிய பிறகுதான் தண்ணீரில் இறங்கலாம். ஊரே கூடையும் கொசுவலையுமாகக் கரையில் காத்திருக்கிறது.

நான் மட்டும் கோழி இறகை ஈ போல முள்ளில் கட்டிய வெளிநாட்டுத் தூண்டிலோடு நிற்கிறேன். நாட்டு மீன்களின் முட்டையைத் தின்று பெருகும் ஜிலேபிக் கெண்டையை ஒழிக்க மதுரையிலிருந்து வந்திருப்பதாகக் கேட்டவரிடமெல்லாம் சொல்லியாயிற்று.

கைப்பழக்கத்துக்காகக் காற்றில் ஒருமுறை வீசுகிறேன். பின்னால் போன முள் எதிலோ மாட்டுகிறது. பலம்கொண்ட மட்டும் இழுக்கிறேன். பின்னால் நின்ற அம்பலகாரரின் துண்டு அவர் தோளைவிட்டுக் கிளம்பி, என் தலைக்கு மேல் வெள்ளையாகப் பறக்கிறது.

ஊர் ஆரவாரத்தோடு தண்ணீரில் பாய்கிறது. முள்ளிலிருந்து நான் துண்டை விடுவிப்பதற்குள் கூடை கூடையாக ஜிலேபி கரையேறுகிறது.

"மன்னிச்சுக்கங்கண்ணே" என்று துண்டை நீட்டுகிறேன்.

"சமயநல்லூர்ல இருந்து சம்பந்தி வரணும்னுதானே இம்புட்டு நேரம் வீசாம நின்னேன்" என்கிறார் அம்பலகாரர். அவருடைய செல்போன் அடிக்கிறது.

"வாங்க சம்பந்தி... ஆமா, இறங்கிட்டாக. நான் வீசல. மீனை ஒழிக்க மதுரையில இருந்து ஒருத்தர் வந்திருக்காரு."

என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனை என் காதருகே நீட்டுகிறார். "நீங்களே சொல்லுங்க தம்பி, எம்புட்டு ஒழிச்சீகன்னு."