பனலில் காய்ந்த சூடை மீன்

2025 மாசி 19, புதன்கிழமை, மதியம் 12.10. நல்ல வெயில், ஒரு துண்டு முகிலும் இல்லை.

முல்லைத்தீவுக் கடற்கரையில், வீடாக மாற்றிய என் வான் வண்டி மர நிழலில் நிற்கிறது. நிழலில் நிற்கும் வானின் கூரையில் சோலார் பனல் பூட்டிப் பயனில்லை என்று கணக்குப் பார்த்து, நீள வயரோடு தனிப் பனல் வாங்கியவன் நான். காலையில் அதைப் பதினெட்டு அடி தள்ளி, வெயிலில் இரண்டு பழைய மீன்பெட்டிகளின் மேல் கிடத்தினேன். இன்னும் பற்றரி ஏறவில்லை. குளிர்பெட்டியில் என் இன்சுலின் ஆறு குப்பி இருக்கிறது.

போய்ப் பார்க்கிறேன். பனலின் மேல் வரிசைக்குப் பதினான்காக ஒன்பது வரிசை சூடை மீன் காய்கிறது. பக்கத்தில் ஒரு பெண் உப்புக் கையோடு நிற்கிறார்.

"பிள்ளை, இது கரன்ட் எடுக்கிற பனல்!"

"கருவாடு போடுற தட்டு எண்டெல்லோ நினைச்சனான். நல்லாச் சுடுது ஐயா, மணலும் ஒட்டேல்லை."

"உடனே எடுங்கோ. என்ர மருந்து பழுதாப் போகும்."

"பாதி காய்ஞ்சதை எங்க கொட்டுறது? அவசரமெண்டா நீங்களே வாங்குங்கோ."

"எனக்குப் பிரஷர், உப்புக் கூடாது!"

"அப்ப நாளைக்குப் பின்னேரம் எடுக்கிறன்."

பேரம் பேச இன்சுலின் பொறுக்காது. பனலும் வயரும் 28,500 ரூபா, நான் தின்னக்கூடாத 126 மீன் 1,900 ரூபா. ஆக மொத்தம் 30,400 ரூபா.