வாசலில் காத்திருந்த தபால்காரர்

செய்தி ஒரு கேள்வியோடு வந்தது. காலையில் பள்ளிச் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். களுதாவளையிலிருந்து ரவி தொலைபேசியில் அழைத்தான். ரவியும் என்னைப் போல இயக்கத்தில் இருந்தவன். யுத்தம் முடிந்தபின் புனர்வாழ்வு முகாமில் இருந்துவிட்டு, ஒரு காலோடு ஊர் திரும்பியவன். "மாமா போயிட்டார். நீ போறியா?" என்றான்.

"நீ போறியா?" என்று நான் கேட்டேன். பிறகு பேசலாம் என்று தொலைபேசியை வைத்துவிட்டோம்.

தேற்றாத்தீவில் முப்பது வருடத்துக்கு மேல் கடிதம் கொடுத்த அழகையா மாமாவைத் தெரியாத எவரும் இந்த முப்பத்தோராம் நாள் நினைவு மலரை வாசிக்கப்போவதில்லை. அவர் சைக்கிளை மிதித்ததைவிட உருட்டியதே அதிகம் என்பதும், வெற்றிலை வாயோடு அவர் ஒரு பெயரைக் கூப்பிட்டால் யாருக்குக் கடிதம் என்று மூன்று வீட்டுக்காரர்கள் எட்டிப்பார்ப்பார்கள் என்பதும், எந்த வீட்டுத் தேநீருக்கும் சீனி காணாது என்று குறை சொல்லுவார் என்பதும் உங்களுக்குத் தெரியும். தெரிந்ததை விட்டுவிட்டு, தெரிந்தும் நாம் பேசாமல் இருந்ததை எழுதுகிறேன். எழுதித் தரும்படி கேட்டவர் அவருடைய மனைவி நேசம் மாமி. எதை எழுதலாம், எதை விடலாம் என்று அவர் சொல்லவில்லை.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்தபோது நான் வன்னியில் இயக்கத்தோடு இருந்தேன். அம்மா இங்கே கடற்கரைப் பக்கத்து வீட்டில் தனியாக இருந்தார். வானொலியில் மட்டக்களப்பு என்று சொன்னார்கள். கடற்கரைக்கு இறங்கும் எங்கள் ஒழுங்கையைப் பற்றி யார் சொல்லப்போகிறார்கள்? சமாதான காலம் என்பதால் தபால் ஓடிக்கொண்டிருந்தது. "அம்மா, இருக்கிறீங்களா?" என்று ஒரே வரி எழுதி அனுப்பினேன். அது அழகையா மாமாவின் பைக்கு வந்து சேர்ந்தது. வீடும் இல்லை, வாங்க ஆளும் இல்லை. அப்படிப்பட்ட கடிதத்தில் காரணத்தை எழுதித் திருப்பி அனுப்புவதுதான் முறை. அந்த நாட்களில் அவர் பையில் அப்படிப்பட்ட கடிதங்கள்தான் நிறைய இருந்தன; பெரும்பாலும் வெளிநாட்டு வீடுகளில் வேலை செய்த நம் ஊர்ப் பெண்கள் எழுதியவை. பாடசாலையிலும் கோயில் மடத்திலும் படுத்துக்கிடந்த சனங்களுக்கு நடுவே சைக்கிளை உருட்டிக்கொண்டு பெயர் பெயராகக் கூப்பிட்டார். ஆள் கிடைத்தால் கொடுத்தார். கிடைக்காவிட்டால், அனுப்பியவருக்குத் தானே உட்கார்ந்து பதில் எழுதினார்.

எனக்கு வந்தது ஒரு தபால் அட்டை. அம்மாவை வாவிப் பக்கமாகக் கண்டெடுத்ததாகவும், பச்சைச் சேலை உடுத்திருந்ததாகவும், அடக்கம் செய்தபோது தான் பக்கத்தில் நின்று கற்பூரம் கொளுத்தியதாகவும் எழுதியிருந்தார். "பிள்ளை, ஊருக்கு வந்தால் முதலில் எங்கள் வீட்டுக்கு வா. இடத்தைக் காட்டுகிறேன்" என்று முடித்திருந்தார். அதற்கு முன் அவரோடு நான் பத்து வார்த்தை பேசியிருக்கமாட்டேன்.

நான் வந்து சேர்வதற்குள் யுத்தமும் முடிந்துவிட்டது. வந்த மறுநாளே அவர் இடத்தைக் காட்டினார். ஊர் என்னை ஏசவில்லை, படலையைச் சாத்திக்கொண்டது, அவ்வளவுதான். அம்மா போன பிறகு ஊர் திரும்பியிருந்த அண்ணன் ஓர் அறை கொடுத்தார். அண்ணி தன் பிள்ளைகளை அந்த அறைப் பக்கம் விடவில்லை. கலியாணத்துக்குச் சொல்ல வந்தவர்கள் அண்ணன் குடும்பத்துக்கு மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள். என்னோடு பேசியவர்கள் வீட்டுக்கும் விசாரிக்கப் புலனாய்வு ஆட்கள் போனதால் பயப்படுவதற்குக் காரணம் இருந்தது. அது எனக்கு விளங்கியது. விளங்கினாலும், தட்டோடு தனியாகத்தான் உட்காரவேண்டியிருந்தது.

மாதம் ஒரு தடவை இராணுவ முகாமுக்குப் போய்க் கையெழுத்து வைக்கவேண்டும். நடுவில் விசாரணைக்கும் கூப்பிடுவார்கள். முதல் தடவை நான் பஸ்ஸுக்கு நின்றபோது, அப்போது ஓய்வு பெற்றிருந்த மாமா குடையும் பத்திரிகையுமாக வந்து பக்கத்தில் நின்றார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். நீ போகிற இடத்துக்குத்தான் என்றார். வேண்டாம் மாமா, உங்களுக்கும் கரைச்சல் வரும் என்றேன். அவர் பஸ்ஸில் ஏறி எனக்கும் சேர்த்து இடம் பிடித்துவிட்டார்.

முகாம் வாசலில் நின்ற சிப்பாய்க்கு ஓரளவு தமிழ் தெரியும். இந்தப் பெண்ணுக்கு நீ யார் என்று கேட்டான். தபால்காரன் என்றார் மாமா. தபால்காரனுக்கு இங்கே என்ன வேலை என்றான்.

"இவ பதிவுத் தபால், தம்பி. கையெழுத்து வாங்காம உட்டுட்டுப் போக ஏலா. உள்ள கொண்டு போங்க. மறுகா கொண்டு வந்து என்னட்டத் தாங்க. நான் இதிலதான் இரிப்பன்."

சிப்பாய் சிரித்துவிட்டான். நான் அடையாள அட்டையை எடுத்து நீட்டினேன். எதிரே இருந்த வாகை மரத்தின் கீழே பத்திரிகையை விரித்து அதன்மேல் அவர் உட்கார்ந்துகொண்டார். உள்ளே மூன்று மணி நேரம், கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்டார்கள். யன்னலால் அவருடைய குடை தெரிந்தது. அது எனக்குத் தெரிந்ததுபோலவே கேள்வி கேட்டவருக்கும் தெரிந்தது. வெளியே ஐயா பார்த்துக்கொண்டிருக்கிறார், போ என்று கடைசியில் கேள்வி கேட்டவரே என்னை அனுப்பினார்.

அதன்பிறகு ரவியோடும் போனார். மாங்கேணியில் மீன்பிடிக்கக் கடலுக்குப் போகிற, எங்களைப் போன்ற ஒருவரோடும், இன்னும் பலரோடும் போனார். மாங்கேணிக்குப் பஸ் மாறிப் போய்வர ஒரு பகல் முழுவதும் பிடிக்கும். ஏன் என்று மாமி கேட்டால், "உள்ள போற ஆளுக்கு வெளிய ஒரு ஆள் இரிக்கோணும் புள்ள" என்று மட்டும் சொல்லுவாராம். எங்கள் மேல் அவருக்கு மயக்கம் ஒன்றும் இருக்கவில்லை. இயக்கத்தை அவருக்குப் பிடிக்காது. சின்னப் பிள்ளைகளைக் கொண்டுபோனதை அவர் ஒருநாளும் மன்னிக்கவில்லை. அதைப் பஸ்ஸிலேயே உரத்துச் சொல்லுவார். நானும் விடமாட்டேன். ஒருமுறை சண்டை முற்றி, இறங்கும்வரை இருவரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தோம். அடுத்த மாதமும் குடையோடு நின்றார்.

சில வருடங்களுக்கு முன் ஊர்ச் சங்கத்தினர் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். உங்களில் பலர் அந்த மண்டபத்தில் இருந்தீர்கள். பேசிய எல்லோரும் சுனாமியில் அவர் செய்த சேவையைப் புகழ்ந்தார்கள், நன்றாகவே புகழ்ந்தார்கள். முகாம் வாசலைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. கடைசியில் ஒலிவாங்கியை அவரிடம் கொடுத்தார்கள். "பாதிதான் சொல்லிருக்கீங்க," என்றார். "மற்றப் பாதிய ஆராவது சொல்லுங்க." அப்படியே எங்கள் பக்கம் பார்த்தார். கடைசி வரிசையில் ரவியும் நானும் இருந்தோம். நான் செருப்பைத் தேடுபவள்போலக் குனிந்துகொண்டேன். ஒருவரும் எழும்பாததால் அவர் பொன்னாடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு வெளியே என்னைக் கண்டபோதும் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இனி, அவர் போன நாள். ரவி மாங்கேணிக்குப் பேசினான், மாங்கேணிக்காரர் என்னோடு பேசினார். ஆளாளுக்கு ஒரே யோசனைதான். நாங்கள் எல்லோரும் ஓரிடத்தில் கூடினால் செத்த வீட்டில் என்ன கூட்டம் என்று கேள்வி வரும், மாமிதான் நாளைக்குப் பதில் சொல்லவேண்டிவரும். ஆகவே போகாமல் இருப்பதுதான் அந்த வீட்டுக்கு நல்லது என்று முடிவு செய்தோம். யோசித்துப் பார்த்தால் இப்படி ஒரு முடிவை, ஒதுங்கியே பழகிய எங்களைப் போன்றவர்கள்தான் எடுப்பார்கள். அவர் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளித்தான் இப்போது நான் தனியாகக் குடியிருக்கிறேன். பறைச் சத்தம் கேட்டது. வெள்ளை உடுத்த சனம் என் படலையைக் கடந்து போனது. நான் கதவைச் சாத்திவிட்டுத் தையல் மெஷினில் இருந்தேன். என்ன தைத்தேன் என்று தெரியாது; மறுநாள் அவ்வளவையும் பிரித்தேன்.

எட்டாம் நாள் சடங்கு முடிந்து சனம் கலைந்த பிறகு மாமியிடம் போனேன். அவர் அழவில்லை. இருக்கச் சொன்னார். நான் எங்கள் காரணத்தைச் சொல்லத் தொடங்கினேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"விசாரிக்கிறவங்களும் வந்தாங்க மகள். ரெண்டு பேர். கதிரையில இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டு, முகத்தைப் பார்த்திட்டுப் போனாங்க. நீங்கதான் ஒருத்தரும் வரல்ல."

அவர்களுக்கு மகன் இல்லை. ஒரே மகளும் வெளிநாட்டிலிருந்து வந்துசேர முடியவில்லை. சவப்பெட்டி தூக்க ஆள் காணாமல் பக்கத்து ஒழுங்கைக்குச் சொல்லி அனுப்பினார்களாம். எங்கள் காரணத்தை அதோடு விட்டுவிட்டேன். உங்களைப் போல, மாமாவைப் போல எங்களுக்குத் துணிச்சல் இல்லை மாமி என்று மட்டும் சொன்னேன்.

மாமி என்னை நிமிர்ந்து பார்த்தார். "அவருக்கா துணிச்சல்?" என்றார். முகாமுக்குப் போகிற காலையெல்லாம் மாமாவுக்கு ஒரு வாய் சாப்பாடு இறங்காதாம். வயிறு கலக்கி நான்கு தடவை பின்னுக்குப் போவாராம். காணி உறுதிப் பத்திரம் எந்தப் பெட்டிக்குள் இருக்கிறது, தான் திரும்பி வராவிட்டால் யாரிடம் போய்ச் சொல்லவேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்லிவிட்டுத்தான் படலையைத் திறப்பாராம். இத்தனை வருடமும் அப்படித்தானாம். "புள்ளையளுக்குத் தெரியப்படாது, தெரிஞ்சா என்னக் கூட்டிப் போகமாட்டாங்க எண்டுவார்."

வாகை மரத்தின் கீழே உட்கார்ந்திருந்தவர் பயமில்லாத மனிதர் என்று நான் நினைத்திருந்தேன். பயம் எனக்கு மட்டுமே உரியது, அவருக்கு அது தெரியாது என்று எண்ணி, அதைச் சாட்டாக வைத்து அவருடைய கடைசிப் பயணத்திலும் ஒளிந்துகொண்டேன். இது நான் செய்த பிழை. மாமியிடமும் உங்களிடமும் ஒப்புக்கொள்கிறேன். அவருடைய சைக்கிளையும் குடையையும் யார் வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. என்னிடம் இருப்பது அவருடைய அந்தப் பயம். அதை வயிற்றில் வைத்துக்கொண்டே படலையைத் திறக்கலாம் என்று அவர் செய்து காட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

இதை எழுதிக் கொடுத்தபோது, அச்சடிப்பவர் என் நன்மைக்காகத்தான் கேட்டார், பெயரை விட்டுவிடட்டுமா, 'ஓர் அன்புள்ளம்' என்று போட்டால் போதாதா என்று. காலையிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முழுப் பெயரும் போடச் சொல்லிவிட்டேன்.

சின்னத்தம்பி வதனி
முன்னாள் போராளி
தேற்றாத்தீவு