முயலுக்குக் கட்டிய கக்கூஸ்

புதுச்சேரியில், வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்தில் நான் கக்கூஸ் கட்டாத தெரு இல்லை. மூன்றாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டுக் கல் சுமக்கப் போனவன், காண்ட்ராக்டராக நிமிர்ந்தேன். தரைச் சரிவுக்கு நான் கொடுத்த வாட்டத்தில் தண்ணீர் தேங்கி நின்றதாக இன்றுவரை எவனும் சொன்னதில்லை. அப்பேர்ப்பட்ட என்னை ஒரு முயல் மண்ணைக் கவ்வ வைத்தது.

பேத்தி ஆசையாக வளர்க்கும் முயல். வராண்டாத் தரையிலேயே கம்பி வலை அடித்த பெரிய கூண்டு. மூத்திர நாற்றம் கூடம் வரைக்கும் வந்தது. மருமகள் தீர்த்துச் சொல்லிவிட்டாள்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள நாத்தம் போவலன்னா, பாகூர்ல எங்க அண்ணன் வூட்டுக்கு அனுப்பிடுவேன் மாமா."

அவள் அண்ணன் முயல் கறி என்றால் பறப்பவன். பேத்தி என் முகத்தைப் பார்த்தாள்.

"நான் இருக்கறப்ப இன்னாடி பயம்" என்றேன்.

மூத்திரம் போக, கூண்டுக்குள் முயல் தனக்கென்று ஒரு மூலையை ஏற்கெனவே வைத்திருந்தது. நான் அதை மதிக்கவில்லை. எதிர் மூலையில் டைல்ஸ் பதித்து, வாட்டம் பார்த்து, குழாய் இறக்கி, குட்டியாக ஒரு கக்கூஸ் கட்டினேன். பழைய மூலையில் பினாயிலை ஊற்றி, அடையாளமே தெரியாமல் தேய்த்தேன்.

மறுநாள் பேத்தி கூப்பிட்டாள். "தாத்தா, அது உன் கக்கூஸ்ல படுத்துத் தூங்குது."

வெயிலுக்கு டைல்ஸ் சில்லென்று இருந்திருக்கிறது. மூத்திரமோ தீனித் தட்டில், வைக்கோலில், கூண்டு முழுக்க. நான் கழுவக் கழுவ அது புது இடம் பிடித்தது.

என் மனைவி கீரை ஆய்ந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். "அதுக்குத் தெரிஞ்சது ஒரு மூலை. அந்த வாசனையையும் கழுவி வுட்டுட்டா எங்கதான்யா போவும்? ஊருக்கே கட்டின ஆளு, அதுங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"முயலுகிட்ட இன்னாத்த கேக்கறது" என்று முறைத்தேன்.

சனிக்கிழமை எரிச்சலில், நனைந்த வைக்கோலையெல்லாம் கலவை சுமக்கும் இரும்புப் பாண்டில் வாரிப்போட்டு, அதைப் பழைய மூலையிலேயே வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், முயல் பாண்டில் ஏறி உட்கார்ந்து வேலையை முடித்துக்கொண்டிருந்தது. அதன்பின் வேறெங்கும் போகவில்லை. பாண்டைக் கொட்டும்போது ஒரு பிடி பழைய வைக்கோலை மட்டும் விட்டுவைத்தேன். எல்லாம் என் யோசனை என்றுதான் தெருவில் சொன்னேன்.

ஞாயிறு காலை கூண்டைக் கழுவி முடித்தபோது மருமகள் வந்தாள். குனிந்து மூச்சை இழுத்தாள். பேத்தி என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"முயல் இருக்கட்டும் மாமா. பினாயில் நாத்தம் உங்க மேலதான் அடிக்குது. போய்க் குளிச்சிட்டு வாங்க."

குளிக்கப் போனேன். பாண்டைக் கொட்டும் வேலை அன்றிலிருந்து என் தலையில்தான்.