அண்டாவில் கொதித்த இரும்பு

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் முன்னால் பேசக் கூசுவேன். பெரியவர்கள் படிக்கும் இந்த நினைவு மலரில் என் அண்ணனைப் பற்றி எழுதத் துணிந்ததற்கு மன்னியுங்கள். அண்ணனுக்கு மனைவி மக்கள் இல்லை. எழுத என்னை விட்டால் ஆளில்லை.

அண்ணன் பிறந்தது மணிமங்கலம். அப்பா போனதும் பள்ளியை விட்டு வேலைக்குப் போனார். என் கணவர் இறந்த அன்றே, "எம்மா, கெளம்பு" என்று என்னைத் தம் வீட்டுக்கு அழைத்து வந்தவர். ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பட்டறையில் அடுப்பு வேலை. லாரி ஸ்பிரிங்கில் மாட்டும் பின்களைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்குவார்கள். இரும்பு இறுகும், தேயாது. ஆனால் கண்ணாடி மாதிரி உடைந்துவிடும். ஆகவே உடனே இரண்டாவது அடுப்பில் இளஞ்சூட்டில் வைத்துப் பதப்படுத்த வேண்டும். அந்தச் சூடு கூடினால் மெத்தென்றாகிச் சீக்கிரம் தேய்ந்துவிடும். முந்தைய சரக்கு அப்படித்தான் தேய்ந்து திரும்பி வந்தது. இதுவும் கெட்டால் இனி வேலை இல்லை என்று வாங்குகிறவர் சொல்லிவிட்டார். பட்டறையை மூட வேண்டியதுதான். அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. நெஞ்சு வலிக்கு ஓய்வெடுக்கச் சொன்ன டாக்டரிடமும் போகவில்லை.

1991 ஆயுத பூஜை அன்று குடும்பத்தாரையும் அழைத்திருந்தார்கள். காலையில் கரண்ட் போய் வேலை தள்ளிப்போனது. பின்கள் எண்ணெயிலிருந்து வெளியே வந்தபோது இரண்டாவது அடுப்புக்குச் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் ஆகிவிட்டன. பூஜை போட்ட அடுப்பை விஜயதசமி வரை தொடக்கூடாது.

"மொதலாளி, அந்த அடுப்ப மட்டும் மூட்டிக்கிறேன். இத்த இப்படியே வுட்டா தானா விரிசல் வுட்டுடும்."

"சாமி காரியம்பா. ஒரு நாள்ல இன்னா ஆயிடப்போவுது?"

அண்ணன் சமையல் பக்கம் ஓடினார். வெந்நீரிலாவது போட்டு வைக்கலாம் என்று அண்டாவைக் கேட்டார். கடைசல் வேலை ஏழுமலை சிரித்தார். "அண்ணே, சுண்டல் வேவுது. உன் பின்னயும் போட்டுத் தாளிச்சிடவா?"

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் என்னிடம் திரும்பினார். "இன்னா பாத்துகினு கீற? வூட்டுக்குப் போயி வெந்நி அண்டாவ ஏத்து."

சைக்கிளில் மூட்டை கட்டி மூச்சிரைக்க வந்தார். எங்கள் அண்டா கொண்ட மட்டும்தான் போட முடிந்தது. மீதி பட்டறையிலேயே கிடந்தது.

"வெந்நி அந்த அடுப்பு சூட்டுக்கு ஈடாவாது. ஆனா நாளைக்கி வரைக்கும் தாக்குப் புடிக்கும். கொதி அடங்க வுடாத."

புகையில் உட்கார்ந்து விறகு தள்ளிக்கொண்டே இருந்தார். எழுந்திருங்கள் என்று கெஞ்சினேன். கேட்கவில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் நெஞ்சைப் பிடித்துச் சுவரில் சாய்ந்தார். "கொதிக்குதா?" என்றார். "கொதிக்குதுண்ணே" என்றேன். ஆட்டோவில் என் மடியிலேயே போய்விட்டார்.

ஆண்டு ஒன்றாகியும் அந்த அண்டாவை நான் அடுப்பில் வைக்கவில்லை. இனி யாரை அண்ணா என்று கூப்பிடுவேன்? ஆட்டோ கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், பாடை கட்டிக் கடைசிவரை தோள் கொடுத்த ஏழுமலை அண்ணனுக்கும், வந்து நின்ற உறவுகளுக்கும் கைகூப்புகிறேன்.

அவர் போன மறுநாள் விஜயதசமி. அண்ணனை எடுத்த பிறகு பட்டறையைத் திறந்தார்கள். அங்கே கிடந்த பின்களில் பல விரிந்திருந்தன. எங்கள் அண்டாவில் இருந்தவை விரியவில்லை. அவற்றை எடுத்துப்போய் அந்த இரண்டாவது அடுப்பில் ஏற்றினார்கள்.